தோற்ற ஆட்டத்தை அன்று இரவே எழுதிவிடுங்கள்

செஸ் ஆட்டம் முடிந்து, கைகொடுத்து, நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்ததும் தோற்றவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். பத்து வயதுப் பையனும் அப்படித்தான், நாற்பது வயதுக்காரரும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் அது சட்டையோடு துவைக்கப் போய்விடும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிறேன். புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள் என்பதைத்தான். ஓபனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள், எல்லாம் பிறகு.

சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் இப்போது போட்டிகளுக்குப் போகிறார்கள். ஒரு வாரம் பாலக்காடு, அடுத்த வாரம் கோயம்புத்தூர். ஆட ஆடத் தன்னால் வந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கும் இருக்கிறது. ஓரளவு வரும். அதற்குப் பிறகு அதே தவறு வேறு வேறு வேஷத்தில் வந்து அதே இடத்தில் அடிக்கும். அதை அடையாளம் கண்டுபிடிக்கத் தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்பதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எழுதிய ஆட்டம் வேண்டும்

நகர்வுகளை எழுதத் தெரியாமல் இதில் எதுவும் நடக்காது. பலகையின் ஓரத்தில் ஏ முதல் எச் வரை எழுத்து, 1 முதல் 8 வரை எண். ராஜாவுக்கு கே, ராணிக்கு க்யூ, யானைக்கு ஆர், பிஷப்புக்கு பி, குதிரைக்கு என். சிப்பாய்க்கு எழுத்தே கிடையாது, போய் நிற்கும் கட்டத்தை மட்டும் எழுதினால் போதும். அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

எல்லைப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. நம் வீடுகளில் யானை என்றால் மூலையில் நிற்பது. மலையாளத்தில் மூலையில் நிற்பதன் பெயர் தேர். அவர்கள் ஆன என்று சொல்வது நம்முடைய பிஷப், அதாவது நாம் மந்திரி என்று சொல்வது. அவர்கள் மந்திரி என்றால் அது நம் ராணி. ஒருமுறை பாலக்காட்டில் ஆட்டம் முடிந்து வராந்தாவில் பலகையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரில் இருந்த சேட்டன், "அவிடெ ஆனயெ வெட்டாமாயிருந்நு" என்றார். நான் அவருடைய மூலை யானையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதை வெட்ட என்னிடம் ஒரு காயும் இல்லை. அவர் விரலை நீட்டி பிஷப்பைத் தொட்ட பிறகுதான் விளங்கியது. வெட்டியிருக்கலாம், காசு கொடுக்காமல் வாங்கியது போல ஒரு காய் வந்திருக்கும். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அந்த எழுத்தும் எண்ணும்தான்.

எழுதும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். காயை நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும், எழுதி வைத்துவிட்டு நகர்த்தக் கூடாது. உங்களுக்கு நீங்களே அறிவுரை எழுதி வைத்துக்கொள்ளவும் விதியில் இடமில்லை. "குதிரையைப் பார்" என்று தாளின் ஓரத்தில் எழுதினால் ஆர்பிட்டர், அதாவது நடுவர், கேட்பார். கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தை மட்டும் தாராளமாக எழுதலாம். நாலு நகர்வுக்கு ஒரு தடவை, நகர்வுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எண். அந்த எண் எவ்வளவு பேசும் என்பதை என் ஆட்டம் ஒன்றை வைத்துக் கீழே காட்டுகிறேன்.

ஒரு நகர்வுக்கு 30 விநாடி கூடுதலாகத் தராத போட்டிகளில், உங்கள் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய்விட்டால் எழுதாமல் விடலாம் என்று விதி இருக்கிறது. முடிந்தவரை ஞாபகத்தில் இருந்து பிறகு நிரப்பிக்கொள்ளுங்கள்.

எதிராளியோடு பத்து நிமிடம்

தோற்றவுடன் ஹாலை விட்டு ஓடத்தான் தோன்றும். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு அடுத்தபடி அதிகம் தெரிந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு அவர் எங்கோ, நீங்கள் எங்கோ. உள்ளே மற்ற ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும், அதனால் வெளியே வந்து மரியாதையாகக் கேளுங்கள். கேரளாவில் இதற்கு மறுத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

"நான் எங்கே தப்பு பண்ணினேன்?" என்று கேட்டால் ஜெயித்தவர் கடைசியில் காய் போன இடத்தைக் காட்டுவார், அது உங்களுக்கே தெரியும். அதைக் காட்டிலும், "எந்த இடத்துல உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு? நான் என்ன ஆடுவேன்னு பயந்தீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் கண்ணிலேயே படாமல் விட்ட நல்ல நகர்வு ஒன்றைப் பற்றி அவர் பத்து நிமிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார். அதை அந்த இடத்திலேயே தாளில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அழுகிற பிள்ளையிடம் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் சாப்பாடு. பஸ்ஸில் ஏறி அரை மணி நேரம் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு போட்டியில் அப்பா ஒருவர் ஹால் வாசலிலேயே, "ராணியை எப்படிடா விட்டே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அந்தப் பிள்ளை அடுத்த மூன்று மாதமும் தோற்ற ஆட்டத்தின் தாளை வீட்டில் காட்டவில்லை, தொலைந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். தாளை ஒளிக்கிற பிள்ளைக்கு இந்தக் கட்டுரையில் உள்ள ஒன்றையும் கற்றுத்தர முடியாது.

அப்படி அழுகிற பிள்ளைகளுக்கு நான் மாமல்லபுரத்தைச் சொல்வேன். 2022-ல் அங்கே நடந்த 44-வது ஒலிம்பியாடில் குகேஷுக்கு வயது 16. முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக ஜெயிக்க வேண்டிய நிலையை வைத்துக்கொண்டு தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, அவருடைய அணிக்கு வெண்கலம். இரண்டு வருஷம் கழித்து புடாபெஸ்டில் இந்திய அணி தங்கம் வாங்கியபோது முதல் பலகையில் ஆடியவர் அவர்தான். அந்த நவம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு ஆடும்போதும் முதல் ஆட்டத்தைத் தோற்றுவிட்டுத்தான் தொடங்கினார். இதைக் கேட்டதும் அழுகை நின்றுவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தாளை மடிக்கிற கை கொஞ்சம் தாமதிக்கும்.

அன்று இரவு: இன்ஜினைத் திறக்காதீர்கள்

இதுதான் முக்கியமான இடம். புதிதாக ஆடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தவறவிடுவதும் இதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஃபோனை எடுத்து, நகர்வுகளைப் போட்டு, இன்ஜின், அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம், என்ன சொல்கிறது என்று பார்ப்பது. அது உடனே சிவப்புக் குறி போட்டுக் காட்டும், 31-வது நகர்வு தவறு, சரியான நகர்வு இது என்று. "ஓஹோ" என்று சொல்லிவிட்டு மூடிவிடுவீர்கள். என்ன ஆடியிருக்க வேண்டும் என்று இன்ஜினுக்குத் தெரியும். நீங்கள் ஏன் அதை ஆடவில்லை என்று அதற்குத் தெரியாது. அது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அன்று ராத்திரி வரைதான். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். இன்ஜின் சொன்னதைப் பார்த்துவிட்டாலோ, அதுவே நாமும் நினைத்தது என்று மனசு மாற்றி எழுதிக்கொள்ளும்.

அதனால் ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, நிஜப் பலகையை எடுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா. முதல் நகர்வில் இருந்து ஆடிப் பாருங்கள். யோசித்து ஆடிய ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி: அப்போது என்ன நினைத்தேன்? எதைப் பயந்தேன்? வேறு எந்த நகர்வைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன்? பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. "ஒண்ணும் தோணல, சும்மா நகர்த்தினேன்" என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அந்த வரி மிக உபயோகமானது.

என் நோட்டில் இருந்து ஒன்று. ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் என்ற ஆட்டம். நான் கறுப்பு. எல்லாக் காயும் போய், என்னிடம் ராஜா மட்டும் மிச்சம். வெள்ளைக்கு ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அவர் ராஜா டி5-ல், சிப்பாய் இ6-ல், என் ராஜா இ7-ல். நான் ஆட வேண்டும். பலகையில் வைத்துப் பாருங்கள்.

ராஜாவை நேராகப் பின்னால் இ8-க்கு வைத்திருந்தால் ஆட்டம் சமன். அவர் டி6-க்கு வருவார், நான் டி8-க்குப் போவேன். அவர் சிப்பாயை இ7-க்குத் தள்ளி செக் சொல்வார், நான் மறுபடி இ8. இப்போது சிப்பாயைக் காப்பாற்ற அவர் ராஜா இ6-க்கு வந்தால் எனக்குப் போக இடமில்லை, செக்கும் இல்லை: ஸ்டேல்மேட். வராவிட்டால் சிப்பாயை வெட்டிவிடுவேன். நான் ஆடியது டி8. அவர் டி6-க்கு வந்தார். நான் இ8-க்குத் திரும்ப வேண்டியதாயிற்று. சிப்பாய் இ7-க்கு வந்தது. இந்தத் தடவை செக் இல்லை, நான் நகர்ந்தே ஆக வேண்டும், எஃப்7 மட்டும்தான் இருந்தது. அவர் ராஜா டி7-ல் வந்து நின்றது, அடுத்தது ராணி.

அன்று ராத்திரி நான் எழுதிய வரி இது: "டி8-ல வெச்சா அவர் ராஜா டி7-க்கு வர முடியாதுன்னு நெனச்சேன். 20 செகண்ட் இருந்துச்சு." டி7-ஐ மறிக்க வேண்டும் என்று நினைத்ததில் ஒன்றும் பிழையில்லை. அதற்கடுத்த நகர்வில் நான் எங்கே போவேன் என்று பார்க்கவில்லை. இந்த முடிவாட்டத்தை எண்ணிப் பார்க்காமல் கையால் ஆடத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருக்கவில்லை. ஒரே நகர்வில் இரண்டு காரணம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஓரத்தில் எழுதிய நேரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். சிப்பாயைப் பறிகொடுத்தது 31-வது நகர்வில், அப்போது மிச்சம் மூன்று நிமிடம். அதற்கும் பின்னால், 14-வது நகர்வில் மிச்சம் 45 நிமிடம். பத்தாவது நகர்வில் 80-க்கு மேல் இருந்தது. ஒரு காயும் ஒரு காயை முறைக்காத, எது ஆடினாலும் சரியாக இருந்த நாலு நகர்வில் முக்கால் மணி நேரத்துக்குப் பக்கத்தில் செலவழித்திருக்கிறேன். நோட்டில் அந்த நகர்வுகளுக்கு எதிரே இருந்த வரி: "எது பெஸ்ட்னு தேடினேன்." டி8 நான் 61-வது நகர்வில் செய்த தவறு, ஆனால் அதன் விதை 11-வது நகர்வில் விழுந்துவிட்டது. இதை எந்த இன்ஜினும் எனக்குச் சொல்லியிருக்காது. அந்த நாலு நகர்வையும் அது நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னது.

எங்கே திரும்பியது

வரிகளை எழுதி முடித்ததும் ஆட்டத்தைக் கடைசியில் இருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு நகர்வாகத் திருப்பி வைத்துக்கொண்டே, "இந்த நிலையைக் கொடுத்து மறுபடி ஆடு என்றால் நான் சம்மதிப்பேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் என்று மனசு சொல்கிற முதல் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கடுத்து நீங்கள் ஆடியதுதான் சந்தேகத்துக்குரிய நகர்வு. அந்த நிலையைப் பலகையில் அப்படியே விட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் கடிகாரம் இல்லாமல் யோசித்து, வேறு நகர்வு ஒன்றைத் தேடி எழுதி வையுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சொந்தமாகத் தேடியதாக இருக்க வேண்டும்.

பிறகு அந்தத் தவறு எந்த ஜாதி என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து அடிக்கடி வருபவை சில.

எதிராளியின் எண்ணத்தையே பார்க்காதது. தொடக்கத்தில் தோற்கிற ஆட்டங்களில் பெரும்பாலானவை இதனால்தான். என்னிடம் கற்க வருகிற பதினொரு வயதுப் பையன் ஒருவன் கோயம்புத்தூரில் ஆடிய ஆட்டத்தைக் கொண்டுவந்தான். வெள்ளை இ4, இவன் இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவியது. இவன் ஓரச் சிப்பாயை எச்6-க்குத் தள்ளினான்.

"ஏன் சாமி அதை ஆடினே?"

"குதிரைய வெரட்டலாம்னுங் சார். பின்னாடி போயிரும்னு நெனச்சேன்."

"அது எதுக்கு அங்க வந்துச்சுன்னு கேட்டுப் பாத்தியா?"

பலகையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். விரல் மெதுவாக எஃப்7 கட்டத்துக்குப் போயிற்று. குதிரை அங்கே விழுந்தால் ராணியும் மூலை யானையும் ஒரே சமயத்தில் மாட்டும், சி4-ல் இருக்கும் பிஷப் காவலுக்கு நிற்பதால் ராஜாவால் அதை வெட்டவும் முடியாது. அங்கே ஆட வேண்டியது நடுச் சிப்பாயை டி5-க்குத் தள்ளி அந்தப் பிஷப்பின் பார்வையை மறிப்பது. அதை நான் சொல்லித் தந்தேன். ஆனால் அவன் விரல் எஃப்7-க்குப் போனதே, அதை அவனாகச் செய்தான். அவன் நோட்டில் அதற்குப் பிறகு பத்துத் தோல்வியைச் சேர்த்துப் பார்த்தபோது ஏழு ஆட்டத்தில் காய் போனது குதிரையிடம்தான். இப்போது எதிராளியின் குதிரை நகர்ந்தால் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அது அடுத்துப் போகக்கூடிய கட்டங்களை எண்ணுகிறான். அவனுக்கு அந்த மருந்து. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

பார்த்தும் கணக்குத் தப்பியது இன்னொரு ஜாதி. மூன்றாவது நகர்வில் ஏற்கனவே வெட்டுப்பட்ட காய் இன்னும் அங்கே நிற்பதாக மனசு நினைத்துக்கொள்ளும். இதற்குத் தினமும் பத்துப் புதிர் போடுவதுதான் வழி.

தெரியாததால் போவது, என் டி8 மாதிரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இருப்பதிலேயே சுலபமாகத் திருத்தக்கூடியது இதுதான். ராஜாவும் ஒரு சிப்பாயும் என்ற முடிவாட்டத்தை ஒரு சாயங்காலம் நண்பரோடு இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து ஆடினால் ஆயுசுக்கும் நிற்கும். சிங்கப்பூரில் 14-வது ஆட்டத்தில், சமனாகப் போய்க்கொண்டிருந்த நிலையில், அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் குகேஷ் யானையையும் பிஷப்பையும் மாற்றிக்கொண்டு ராஜா, சிப்பாய் முடிவாட்டத்துக்குக் கொண்டுபோனார். உலகப் பட்டமே அங்கே கைமாறியது.

மனப்பாடத்தை நம்பிப் போவது தனி ஜாதி. இதற்கு ஆனந்தின் ஆட்டம் ஒன்று இருக்கிறது, புதியவர்கள் கட்டாயம் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். வெள்ளை கொலம்பியாவின் சபாத்தா, கறுப்பு ஆனந்த். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை எஃப்6, குதிரை இ5 சிப்பாயை வெட்டியது, டி6, குதிரை எஃப்3-க்குத் திரும்பியது, கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டியது, வெள்ளையின் இன்னொரு குதிரை சி3, பிஷப் எஃப்5. ஆறாவது நகர்வாக வெள்ளை ராணி இ2-க்கு வந்தது, ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இ4-ல் நிற்கும் குதிரைக்குப் பின்னால் அதே வரிசையில் ராஜா, நகர முடியாது. டி5 என்று காவல் போட்டால் வெள்ளை டி3 தள்ளும், ராணியை இ7-ல் வைத்தால் வெள்ளைக் குதிரை டி5-ல் வந்து ராணியை விரட்டும். இதே பிஷப் எஃப்5 முந்தைய ஆண்டு இரண்டு பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டத்தில் ஆடப்பட்டு, தண்டனை இல்லாமல் சமனில் முடிந்திருந்தது. அச்சில் வந்த நகர்வையும் சொந்தக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வீடியோவில் பார்த்து வருகிற ஓபனிங்குகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மிச்சம் இருப்பது மனசு: பயம், ஆசை, அவசரம், எதிராளியின் ரேட்டிங்கை, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளியை, பார்த்து ஒடுங்குவது. நோட்டில் "சீக்கிரம் முடிச்சிரலாம்னு" என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இப்போது இன்ஜின்

மறுநாள் திறக்கலாம். லிச்செஸ் என்ற செஸ் இணையதளம் முழுக்க இலவசம், நகர்வுகளைப் போட்டு ஆய்வு கேட்டால் செய்து தரும். அது காட்டும் எண் சிப்பாய்க் கணக்கு: கூட்டல் 1 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அளவு மேல் கை, கழித்தல் 3 என்றால் கறுப்புக்கு ஒரு குதிரை அளவு. தொடக்கத்தில் 0.3, 0.5 வித்தியாசங்களை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று என்று எகிறும் இடங்கள் மட்டும் போதும், ஒரு ஆட்டத்துக்கு மூன்று நாலுதான் இருக்கும்.

அந்த இடங்களை உங்கள் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். நீங்கள் சந்தேகப்பட்ட நகர்வைத்தான் அதுவும் காட்டுகிறதா? காட்டினால் உங்கள் கண் தேறிவருகிறது. நீங்கள் நன்றாக ஆடியதாக எழுதிய இடத்தில் அது சிவப்புப் போட்டால் அங்கேதான் பாடம் இருக்கிறது, அங்கே நேரம் செலவழியுங்கள். அம்புக்குறியை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். உங்கள் நகர்வைப் போட்டு, அது எப்படித் தண்டிக்கிறது என்று விட்டுப் பாருங்கள். பிறகு சரியான நகர்வைப் போட்டு, எதிராளியின் நல்ல பதில்களை நீங்களே கொடுத்துப் பாருங்கள். மூன்று தடவை பார்த்தும் காரணம் புரியாத நகர்வை ஓரத்தில் கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள், உங்களை விடப் பலமாக ஆடுகிற ஒருவரிடம் கேட்கலாம்.

நோட்டைத் திரும்ப எடுப்பது

ஒவ்வொரு தோல்விக்கும் கடைசியில் ஒரே வரி, சொந்த வார்த்தையில். "எஃப்7-ஐப் பார்க்கல." "சும்மா இருந்த நிலைல முக்கால் மணி நேரம்." பத்து ஆட்டம் சேர்ந்ததும் அந்தப் பத்து வரியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஒரு ஆட்டத்தில் தற்செயலாகத் தெரிந்தது பத்தில் பழக்கமாகத் தெரியும். அதில் அதிகம் வருகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போங்கள். ஐந்தைத் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது, ஆடும்போது தலை முழுக்க அதுவே ஓடும்.

1948-ல் உலக சாம்பியனான போத்வின்னிக், சொந்த ஆட்டங்களை ஆராய்ந்து எழுதி வெளியிட வேண்டும் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவந்தார். மற்றவர் பார்ப்பார்கள் என்றால் எழுத்து நேர்மையாகும், தப்பு இருந்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். நமக்கு அச்சில் போட வேண்டாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு நோட்டை மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவன் தோற்ற நிலையை இன்னொருவன் பலகையில் வைத்து, யாருடையது என்று சொல்லாமல், "இங்க என்ன ஆடுவே?" என்று கேட்கிறான். தன் தவறையே அடையாளம் தெரியாமல் மறுபடி ஆடிவிட்டுச் சிரித்தவர்களும் உண்டு. அப்படி ஆடினால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்து இன்னொரு மாதம் மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

ரேட்டிங்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். புதிய ஆட்டக்காரர் சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி குறையும், ஜெயித்தால் 20 கூடும். ஆரம்பத்தில் ஏற்ற இறக்கம் பெரிதாகத்தான் இருக்கும். அதை மாதா மாதம் எண்ணிக்கொண்டிருக்காமல் நோட்டில் ஒரே வரி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது பிள்ளைகளுக்கு நல்லது.

தாளைப் பற்றி விட்டுப்போன ஒன்று. ஸ்கோர் ஷீட்டின் அசல் போட்டி நடத்துகிறவருக்குச் சொந்தம், அதை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது அடியில் இருக்கும் கார்பன் காப்பி. நீல எழுத்து ஏற்கனவே மங்கலாக இருக்கும், வியர்வைச் சட்டைப் பையில் ஒரு நாள் இருந்தால் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். காப்பி தராத போட்டிகளும் உண்டு. ஃபோனைக் கையில் திரும்ப வாங்கியதும் தாளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு மேஜையில் கொடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி, ஊர், எந்தச் சுற்று, வெள்ளையா கறுப்பா என்று எழுதி, அதற்கடுத்த பக்கத்தில் தொடங்குங்கள்.